கார்ட்டிசோல் குறைந்தால் நல்லதுதானே என்று கேட்ட மகளுக்கு

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 58. ஆறு வருடமாக முழங்கால் வலி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒருவர் மூட்டுவலிக்குப் பொடி கொடுக்கிறார் என்று சொந்தக்காரர்கள் கூட்டிப் போயிருக்கிறார்கள். பழுப்பு நிறப் பொடி, வேளைக்கு ஒரு பொட்டலம், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மூன்றாம் நாளே அம்மா மாடிப்படி ஏறிவிட்டார். சில மாதங்களில் முகம் உருண்டது, வயிறு பெருத்தது, கை கால் மட்டும் மெலிந்தது. வளையல் இடித்த இடமெல்லாம் கன்றிப்போய் ஊதாவாக நின்றது. சர்க்கரை வந்தது, கண்ணில் புரை வந்தது. ஒருநாள் மகள் ஏதோ ஒரு காணொளியில் இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே பொடியை நிறுத்திவிட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் அம்மா படுத்த படுக்கை. வாந்தி, தலைச்சுற்றல், உடம்பெல்லாம் வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் 84/50, சோடியம் 122, இரண்டும் மிகக் குறைவு என்று பார்த்து, குளுக்கோஸும் சலைனும் ஏற்றி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை. இன்னொரு மருத்துவர் காலை 8 மணி கார்ட்டிசோல் பார்க்கச் சொன்னார். வந்தது 1.6. அவர் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் மகள் கொடுக்கவில்லை.

அவர் கேட்பவை இவை. கார்ட்டிசோல் என்பது டென்ஷன் ஹார்மோன், அதைக் குறைக்கத்தானே எல்லோரும் வழி சொல்கிறார்கள், அம்மாவுக்குக் குறைந்திருப்பது நல்லதுதானே? வேண்டாம் என்று நிறுத்திய ஸ்டீராய்டையே மறுபடி கொடுப்பதா? அம்மா அதற்கு அடிமையாகிவிட்டாரா? சர்க்கரை மாத்திரை ஆயுசுக்குமா? பொடி கொடுத்தவர் மேல் புகார் கொடுக்கலாமா? கடைசியில் ஒரு வரி: "என் சித்தியும் அதே ஆளிடம் ஒன்றரை வருடமாக வாங்கிச் சாப்பிடுகிறார்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்கு ஒரு பதில் அனுப்பினேன். ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவை இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ஆட்டோ கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள் என்றும், இரவே அம்மா எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார் என்றும் மறுநாள் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இனி நிதானமாகப் பேசலாம்.

கார்ட்டிசோலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் எல்லாக் கேள்விக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. சிறுநீரகங்களின் உச்சியில் ஆளுக்கொரு தொப்பி போல இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். அங்கே சுரக்கும் கார்ட்டிசோல்தான் ரத்தக் குழாய்களை முறுக்காக வைத்து அழுத்தத்தைத் தாங்குகிறது, இரவெல்லாம் வெறும் வயிற்றோடு தூங்கினாலும் கல்லீரலைக் கொண்டு சர்க்கரையை உண்டாக்கி மூளைக்குக் கொடுக்கிறது, உடம்பில் உப்பும் தண்ணீரும் அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிறது. காய்ச்சலோ, அடிபட்டாலோ, ஆபரேஷனோ, அந்த நேரத்தில் பல மடங்கு சுரந்து ஆளைக் காப்பாற்றுவதும் அதுதான். டென்ஷன் ஹார்மோன் என்று பேர் வந்தது அதனால். ஆபத்து நேரத்தில் கூடுவதால் அதுவே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. விடியற்காலையில் எழுந்திருக்கும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். அந்த உச்ச நேரத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 5-க்குக் கீழே என்றால் சுரப்பி வேலைக்குத் திரும்பவில்லை என்று எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு இருந்தது 1.6. ரத்த அழுத்தம் 84, சோடியம் 122, விடாத வாந்தி, எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து வந்தவை. சலைன் ஏற்றினால் கொஞ்ச நேரம் தெளிவதும் வீட்டுக்கு வந்ததும் சரிவதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். தண்ணீரும் உப்பும் ஏற்றினார்கள், அவற்றைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைக் கொடுக்கவில்லை.

சரி, சுரப்பி ஏன் நின்றது? வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் ரத்தத்தில் கார்ட்டிசோல் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் தனக்குக் கீழே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும், அது அட்ரீனலைத் தட்டி எழுப்பும். போதுமான கார்ட்டிசோல் வந்ததும் மேலே இருக்கிற இரண்டும் அடங்கிவிடும். தைராய்டு, சினைப்பை, விந்தகம் என்று பல சுரப்பிகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. இப்போது இரண்டு வருடமாகத் தினமும் லாரித் தண்ணீர் வந்து உங்கள் தொட்டியை நிரப்புகிறது. மட்டம் இறங்கவே இல்லை, மோட்டார் ஒருநாளும் ஓடவில்லை, துருப்பிடித்து இறுகிவிட்டது. லாரித் தண்ணீர் என்று நான் சொல்வது பொடியில் வந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டை, கார்ட்டிசோலின் வேலையையே செய்யும் மருந்து அது. ஒருநாள் லாரி நின்றது. ஸ்விட்ச் கத்துகிறது, மோட்டார் அசையவில்லை. தட்டி எழுப்ப ஆள் இல்லாத அட்ரீனல் வெறுமனே சும்மா இருப்பதில்லை, சுருங்கவும் செய்கிறது.

பொடியில் இருந்தது என்ன என்று பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அம்மாவின் உடம்பே சாட்சி சொல்கிறது. உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் கார்ட்டிசோலை மாத்திரையாகக் கொடுப்பதென்றால் 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் போதும். அதைவிட வீரியமான ஸ்டீராய்டுகளும் உண்டு: 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் சமம், டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராம். அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை இரண்டை இடித்து ஒரு பொட்டலத்தில் கலந்தாலே அன்றைய தேவை தாண்டிவிடும். பொடியின் நிறத்திலோ ருசியிலோ அது தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கார்ட்டிசோல் மிஞ்சியவர், ரத்தத்தைப் பார்த்தால் கார்ட்டிசோலே இல்லாதவர் என்ற குழப்பமும் இதனால்தான். வெளியிலிருந்து வந்தது ரத்தத்தை விட்டுப் போய்விட்டது, அது உடம்பில் செய்த மாற்றங்கள் போக மாதங்கள் ஆகும்.

மூன்றாம் நாளே மாடிப்படி ஏறினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வேகம்தான் முதல் துப்பு. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தில் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோலின் நெருங்கிய உறவான கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950-இல் ஹென்ச்சுக்கும் அவரோடு கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1952-லேயே அடுத்த பாடமும் வந்துவிட்டது. கார்ட்டிசோன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனார். அட்ரீனல் சுருங்கிப்போயிருந்தது. அதிலிருந்துதான் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. எழுபது வருடத்துக்கு மேல் பழைய இந்தப் பாடம் அந்தப் பொட்டலத்தின் மேல் எழுதப்பட்டிருக்கவில்லை, அதுதான் எனக்குக் கோபம். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பேர் போடாத பொட்டலத்தில் பேர் சொல்லாத மருந்து கொடுப்பவர் எந்த வைத்திய முறையிலும் சேர்த்தி இல்லை.

நிறுத்தியது உங்கள் தவறா?

பொடி வேண்டாம் என்று முடிவு எடுத்தது சரி. ஒரே நாளில் நிறுத்தியதில்தான் ஆபத்து வந்தது, அது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்தக் காணொளி பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டது. அதனால் "நான்தான் அம்மாவைச் சாகக் கிடத்தினேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி உங்கள் முன்னால் இருக்கிற வழிகளைப் பாருங்கள். ஸ்டீராய்டே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால் அடுத்த காய்ச்சலில் அம்மாவை இழக்கும் அபாயம் இருக்கிறது. பழைய பொடிக்கே திரும்பினால் எலும்பும் சர்க்கரையும் இன்னும் கெடும், எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதாக, உங்கள் மருத்துவர் எழுதியது: உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவை மட்டும் ஹைட்ரோகார்ட்டிசோனாகக் கொடுப்பது. காலையில் பெரிய பங்கு, மதியம் சின்னப் பங்கு, இரவில் இல்லை. இயற்கையான ஏற்ற இறக்கத்தை ஒட்டிய கணக்கு அது. இது பொடியில் இருந்தது போல மிஞ்சிப்போன அளவு இல்லை, இல்லாமல் போனதை ஈடு கட்டும் அளவு. தயங்காமல் கொடுங்கள்.

"அடிமை" என்ற சொல் பற்றி

அம்மாவின் காதில் அந்தச் சொல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கு அடிமையானவருக்கு மனம் அதைத் தேடும். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை, அவருடைய சுரப்பி தூங்கிவிட்டது, அவ்வளவுதான். இன்சுலின் சுரக்காதவர் இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் அடிமைத்தனம் என்று சொல்வதில்லையே. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிப்பது, அழுகை வருவது, எதிலும் பிடிப்பு இல்லாதது எல்லாம் ஸ்டீராய்டு குறையும்போது பலருக்கும் வருபவை, போகப் போகக் குறையும். முழங்கால் வலி திரும்பியிருப்பது நிஜ வலி. பொடி அதை மூடி வைத்திருந்தது, குணப்படுத்தவில்லை. தேய்மானமா முடக்குவாதமா என்று இப்போதாவது ஒரு மூட்டு மருத்துவர் பார்க்கட்டும், வலி தாங்காமல் அம்மா மறுபடி பொட்டலத்தைத் தேடிப் போய்விடக் கூடாது. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி பிசியோதெரபியில் சொல்லித் தருவார்கள். மெதுவாகத்தான் பலன் தெரியும், அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரை, உடனே கவனிக்க வேண்டியது

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "விடியற்காலை வேர்த்துக் கொட்டி உளறினார், மிஷினில் பார்த்தால் 58, மிட்டாய் கொடுத்தோம்." அம்மா இன்னும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்றும் இருக்கிறது. எனக்கு இந்த இரண்டு வரியும் மற்ற எல்லாவற்றையும் விடக் கவலையாக இருந்தன. ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தபோது சர்க்கரையை மேலே தள்ளியது, அதற்கு ஏற்ற அளவில் மாத்திரை எழுதினார்கள். இப்போது தள்ளும் கை போய்விட்டது, இறக்கும் மாத்திரை அப்படியே இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசோலும் இல்லை. அதனால்தான் 58. இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, அந்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை இரவு படுக்கும்போது ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை மிஷினில் பாருங்கள்.

ஆயுசுக்கும் வேண்டுமா என்றால், பலருக்கு ஸ்டீராய்டு விலகியதும் சர்க்கரையும் விலகுகிறது. சிலருக்கு ஏற்கெனவே வாசலில் நின்ற சர்க்கரை நோயை அது உள்ளே அழைத்து வந்திருக்கும், அவர்களுக்குத் தொடரும். ஹைட்ரோகார்ட்டிசோன் அளவு நிலைப்பட்டு மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் அம்மா எந்தப் பக்கம் என்று தெரியும்.

எத்தனை நாளைக்கு?

இதற்கு மட்டும் தேதி சொல்ல முடியாது. முதலில் மேலே பிட்யூட்டரி விழிக்கும், பிறகு சுருங்கிய அட்ரீனல் மெதுவாகத் தேறும். சிலருக்குச் சில மாதம், இரண்டு வருடம் சாப்பிட்டவருக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை காலை கார்ட்டிசோல் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் மதிய மாத்திரையை விடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதே கார்ட்டிசோல்தான், மாத்திரையும் சேர்ந்து கணக்கில் வந்து எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். ரத்தம் கொடுத்த கையோடு லேபிலேயே காலை மாத்திரையைப் போட்டுவிடட்டும், தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். இடையில் எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதுகில் புதிதாக வலி வந்திருக்கிறது என்றீர்களே, முதுகெலும்பில் நசுங்கல் இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே போதும், தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல், வாந்தி, விரதம், கண் ஆபரேஷன்

நமக்குக் காய்ச்சல் வந்தால் சுரப்பி தானாகக் கூட்டிச் சுரக்கும். அம்மாவுக்கு அதைக் கையால் கூட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்கி, காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புவது வழக்கம். உங்கள் மருத்துவரிடம் அம்மாவுக்கான அளவை எழுதி வாங்கிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்து, மறுபடி கொடுத்ததும் தங்கவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். பேச்சு குழறினாலும் மயங்கினாலும் அப்படியே. "அட்ரீனல் வேலை செய்யவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே தேவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று அம்மாவின் பர்ஸிலும் உங்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும். டியூட்டியில் இருக்கும் மருத்துவர் யாராக இருந்தாலும் அந்த ஒரு வரி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அம்மா சஷ்டி விரதம் இருப்பார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோவிலுக்குப் போகட்டும், கும்பிடட்டும், மாத்திரையும் சாப்பாடும் நிற்கக் கூடாது. அடுத்த மாதம் புரை ஆபரேஷன் இருக்கிறது இல்லையா, அது சின்ன ஆபரேஷன்தான், பயம் வேண்டாம், ஆனால் கண் மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் ஸ்டீராய்டு கதையை முழுதாகச் சொல்லிவிடுங்கள், அன்று காலை மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

புகார்

பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இலிருந்தே இருக்கிறது, உரிமம் இல்லாமல் மருந்து தயாரித்து விற்பது அதன்படி குற்றம். மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மிச்சம் நான்கு பொட்டலம் இருக்கிறது என்றீர்களே, அதைக் கொட்டிவிடாதீர்கள். பிரிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அந்த 1.6 ரிப்போர்ட், அம்மாவின் பழைய போட்டோவும் இப்போதைய போட்டோவும் சேர்த்து வையுங்கள். ரசீது கிடையாது என்பதால் அவரிடமிருந்துதான் வாங்கினோம் என்று காட்டுவது சிரமமாக இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், கூட்டிப்போனது சொந்தக்காரர்கள், மனக்கசப்பு வரும். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. என்னைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆனால் ஒன்று, புகாருக்கு முன்னால் சித்தியைப் பாருங்கள். புகார் போய் அந்த ஆள் கதவைச் சாத்திவிட்டு ஓடினால், அவரிடம் வாங்கிச் சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரே நாளில் பொடி நிற்கும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அங்கே எத்தனை வீட்டில் நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புகாரிலேயே இதையும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் சொல்லி வையுங்கள், வாந்தியும் தலைச்சுற்றலுமாக வருபவர்களிடம் மூட்டுவலிப் பொடி சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கட்டும்.

சித்தியிடம் போகும்போது அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்தி விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பயந்தால் அவரும் அன்றைக்கே பொட்டலத்தைக் குப்பையில் போடுவார். "சித்தி, இதை நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்" என்று சொல்லி, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் போங்கள். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாக அவரை இறக்கிவிட அந்த மருத்துவரால் முடியும். இந்தச் சனிக்கிழமைக்குள் போய்விட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.